கல்முனைக் கரைக்கு மேலே ஒரு கண்ணாடி

இது நீண்ட பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன தவணையில் அலைகள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது. "சேர், ராடார் இருந்திருந்தா சுனாமி வாறத முன்னமே கண்டிருக்கலாம்தானே?" கேட்டது சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளை. அதன் வீட்டில் யார் யார் போனார்கள் என்பது நமக்குத் தெரியும், அதனால் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை. பூமி உருண்டை, ராடார் அலை நேர்கோட்டில் போகும், அடிவானத்துக்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

அந்தப் பதில் பாதிதான் சரி. அடிவானத்துக்கு அப்பால் பார்க்கும் ராடாரும் உலகத்தில் இருக்கிறது. அது வானத்தையே கண்ணாடியாக வைத்துப் பார்க்கிறது. அந்தக் கண்ணாடி பூமியிலேயே மிக விசித்திரமாக நடந்துகொள்ளும் இடங்களில் ஒன்று நமது தலைக்கு மேலேதான் இருக்கிறது. மீதிப் பாதியை அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் அடிவானம். கல்முனைக் கடற்கரையில் நிற்கும் ஒரு ஆளின் கண்ணுக்கு அடிவானம் ஏறக்குறைய 5 கிலோமீற்றர்தான். தோணி அதைத் தாண்டினால் அடிப்பக்கத்திலிருந்து மறையத் தொடங்கும். 100 மீற்றர் உயரமான குன்றில் ராடாரை வைத்தாலும் கடல்மட்டத்தில் 40 கிலோமீற்றருக்கு மேல் பெரிதாக எதுவும் தெரியாது. விமானம் உயரத்தில் பறப்பதால் அதைக் கொஞ்சம் தூரத்திலேயே பிடிக்கலாம்.

இந்த அடிவானத்தால் நமது நாடு அடி வாங்கிய கதையொன்று இருக்கிறது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி பின்னேரம், கொக்கலையிலிருந்து எழும்பிய ஒரு கெட்டலீனா கடல்விமானம் இலங்கைக்குத் தென்கிழக்கே பல நூறு மைல் தூரத்தில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. விமானத்தை ஓட்டியவர் கனடாக்காரரான லெனார்ட் பேர்ச்சல். வயர்லெஸ்காரர் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. செய்தி முழுமையாக முடியவில்லை, ஆனாலும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. கப்பற்படை வருகிறது என்று தெரிந்திருந்தும், தாக்கவந்த விமானங்கள் தலைக்கு மேலே வரும்வரை ரத்மலானையில் நின்ற பிரித்தானியப் போர்விமானங்கள் தரையில்தான் நின்றன. ராடார் கொழும்பில் இருந்தது, எச்சரிக்கைதான் கிடைக்கவில்லை. ஏப்ரல் 9இல் திருகோணமலையில் ராடார் ஓரளவு முன்கூட்டியே கண்டது. ஆனால் அன்றைக்கே நமது பக்கத்து மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 300க்கும் மேற்பட்ட ஆட்களோடு தாழ்ந்தது. இன்றைக்கும் சுழியோடிகள் போய்ப் பார்க்கும் கப்பல் அதுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பல நூறு மைல் தூரத்திலிருந்து அந்தச் செய்தி எப்படிக் கொழும்புக்கு வந்தது? நேர்கோட்டில் வர வழியே இல்லை, நடுவில் கடலே வளைந்து நிற்கிறது. அடிவானத்தைத் தாண்டி ராடாரால் பார்க்க முடியாத காலத்தில் வயர்லெஸ் அலை தாண்டிவந்தது.

அது எப்படி என்ற கேள்விக்கு அப்போதே 40 வயது. 1901 டிசம்பர் 12ஆம் திகதி மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து அனுப்பிய சமிக்ஞையை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாகச் சொன்னபோது, படித்தவர்கள் நம்பத் தயங்கினார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவில் கெனலியும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும், வளிமண்டலத்தின் மேலே மின்னைக் கடத்தும் ஒரு படை இருக்கவேண்டும், அலை அதில் பட்டுத் திரும்புகிறது என்று தனித்தனியே சொன்னார்கள். அது ஊகம்தான். நிரூபணம் 1924 டிசம்பரில் வந்தது. அப்பிள்டனும் பார்னெட்டும் பி.பி.சி.யின் போர்ன்மவுத் ஒலிபரப்பியை இரவில் கடன் வாங்கி, ஒக்ஸ்போர்டில் வாங்கியை வைத்து, வானத்திலிருந்து திரும்பிவந்த அலையைப் பிரித்துக் காட்டினார்கள். அப்பிள்டனுக்கு 1947இல் நொபெல் பரிசு கிடைத்தது. 1925இல் அமெரிக்காவில் பிரெய்ட், டூவ் என்ற இருவர் இன்னும் நேரான வழியொன்றைக் கண்டுபிடித்தார்கள். குட்டித் துடிப்புகளாக அலையை மேலே அனுப்பு, எத்தனை மில்லிசெக்கனில் திரும்புகிறது என்று பார், உயரம் தெரிந்துவிடும்.

துடிப்பை அனுப்பித் திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிடுவது என்றால் என்ன? அதுதானே ராடார்! நமது பாடப்புத்தகங்களில் ராடார் போருக்காகவே பிறந்த பிள்ளை மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் வானத்தின் உயரத்தை அளக்கப் போனவர்களின் கையிலிருந்துதான் அது போருக்குப் போனது. 'அயனோஸ்பியர்' என்ற பெயரை 1926இல் வைத்தவர் ரொபர்ட் வொட்சன் வொட். 1935 பெப்ரவரியில் டெவன்ட்ரியிலிருந்த பி.பி.சி. சிற்றலை ஒலிபரப்பியை வைத்து, பறந்துபோன விமானமொன்றில் அலை பட்டுத் தெறிக்கிறது என்று காட்டிப் பிரித்தானிய ராடாருக்கு அத்திவாரம் போட்டவரும் அவரேதான்.

இனி அந்தக் கண்ணாடி. சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் உயரத்திலுள்ள வாயுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்கிவிடுகின்றன. அப்படி இலத்திரனும் அயனும் கலந்து கிடக்கும் பகுதிதான் அயன்மண்டலம். ஏறக்குறைய 60 கிலோமீற்றரில் தொடங்கி, டி, ஈ, எஃப் என்று படைபடையாக மேலே போகிறது. ஆகக் கீழே இருக்கும் டி படை பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது பட்டால் அது கரைந்துபோகும். மக்ரிபுக்குப் பிறகு நமது வானொலிப் பெட்டிகளில் இந்திய நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கேட்பது அதனால்தான். சிறு வயதில் அதை ஏதோ பெட்டியின் கோளாறு என்று நினைத்துத் தட்டிப் பார்த்த தலைமுறை நாங்கள்.

சிற்றலை மேலே போய் 250, 300 கிலோமீற்றர் உயரத்திலுள்ள எஃப் படையில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளித் தரைக்கு வரும். இடையில் கிடக்கும் ஊர்களுக்குக் கேட்காது. அதற்குத் தாவல் வலயம் என்று பெயர். இந்தத் தாவல்தான் நமது சின்ன நாட்டை ஒரு காலத்தில் ஆசியாவின் குரலாக்கியது. கொழும்பில் வானொலி 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. அது உலகத்துக்குக் கேட்கத் தொடங்கியது உலகப் போரால். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் படைவீரர்களுக்காக நடத்திய வானொலிக்கென 100 கிலோவாற்று சிற்றலை ஒலிபரப்பியொன்று ஏக்கலையில் அமைந்தது. போர் முடிந்தது, பட்டாளம் போனது, ஒலிபரப்பி நமக்கு மிஞ்சியது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை என்று நின்றார். அதே வருடம் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா இலங்கை வானொலியில் கேட்கத் தொடங்கியது. பம்பாயிலும் டில்லியிலும் அடுப்படியில் நின்றவர்களுக்கு ஏக்கலையிலிருந்து ஒரே தாவலில் பாட்டு போய் விழுந்தது. கொழும்பின் அறிவிப்பாளர்களுடைய தமிழுக்குத் தமிழ்நாட்டில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பதை மயில்வாகனம், கே.எஸ். ராஜா, நம்மவரான பி.எச். அப்துல் ஹமீட் ஆகியோரின் பெயர்களைச் சொன்னாலே அங்குள்ள வயதானவர்கள் சொல்வார்கள். இடையில் ஒன்று: அந்தப் புகழில் பாதி எஃப் படைக்கும் சேரவேண்டியது. அதற்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை!

பிறகு வெளிநாட்டார் இந்த இடத்தின் அருமையைக் கண்டுகொண்டார்கள். ஜேர்மனியின் டொயிட்ச வெல திருகோணமலையில் அஞ்சல் நிலையம் வைத்தது. அமெரிக்காவின் குரல் சிலாபத்துப் பக்கம் இரணவிலவில் வைத்தது. இரண்டும் இப்போது அவர்கள் கையில் இல்லை.

இப்போது கண்ணாடியின் விசித்திரத்துக்கு வருவோம். திசையறிகருவியின் ஊசி வடக்கைக் காட்டும் என்று படித்திருக்கிறோம். ஊசியை மேலும் கீழும் ஆட விட்டால், பூமியின் பெரும்பாலான இடங்களில் அது தரையை நோக்கிச் சாயும். சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களைச் சேர்த்து ஒரு கோடு கீறினால் அதுதான் காந்த மத்தியகோடு. புவியியல் மத்தியகோடு நமக்குத் தெற்கே கடலில் போகிறது. காந்த மத்தியகோடோ இந்தப் பக்கத்தில் வடக்கே வளைந்து வந்து, இந்தியாவின் தென்முனையையும் நமது தீவையும் ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 105 கிலோமீற்றர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னாறு ஓடுகிறது. பெரு நாட்டின் ஹுவான்காயோவில் காந்த ஊசிகள் பகலில் அளவுக்கு மிஞ்சி ஆடுவதைப் பார்த்து இது இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். 1951இல் சிட்னி சப்மன் அதற்கு 'ஈக்வெட்டோரியல் எலெக்ட்ரோஜெட்' என்று பெயர் வைத்தார். நாம் மின்னாறு என்றே சொல்லிக்கொள்வோம். அஸருக்கு அதான் சொல்லும்போது நமக்கு மேலே அந்த ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கடற்கரையில் வலை பின்னுகிறவருக்கு அது தெரியாது.

இன்னொன்று. 1946இல் அப்பிள்டன் ஒரு புதிரைக் காட்டினார். சூரியன் நேராக அடிப்பது மத்தியகோட்டுக்கு மேலே. அப்படியென்றால் இலத்திரன்களும் அங்கேதான் ஆகக் கூட இருக்கவேண்டும். கணக்கெடுத்தால் அங்கே குறைவு, காந்தக் கோட்டிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் சுமார் 15 பாகை தள்ளித்தான் கூட. காரணம், பகலில் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து இலத்திரன்களையும் அயன்களையும் நீரூற்று மாதிரி மேலே தூக்குகின்றன. தூக்கப்பட்டவை காந்தக் கோடுகள் வழியே சறுக்கி இரு பக்கமும் இறங்குகின்றன. நமது வானம் விளைவித்ததை கல்கத்தாவும் அகமதாபாத்தும் அறுவடை செய்கின்றன என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும். நெல் விளையும் மாவட்டத்துப் பிள்ளைகள் அல்லவா!

இந்த மின்னாற்றை அளக்கத்தான் கேரளத்தில் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலுள்ள தும்பா என்ற மீனவக் கிராமத்தை விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்தார். இந்திய ரொக்கெட் தென்கோடியிலிருந்து கிளம்பியதற்குக் காரணம் காந்த மத்தியகோடு அங்கே போவதுதான். மீனவர்கள் தங்கள் புனித மரிய மக்தலேனா தேவாலயத்தை ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ராவின் சொல்லுக்காக விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21ஆம் திகதி அங்கிருந்து அமெரிக்கா கொடுத்த நைக்கி அப்பாச்சி ரொக்கெட் மேலே போய் சோடிய ஆவியைத் தூவியது. மேல்வானத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அந்த முகிலைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். அன்று ரொக்கெட்டைப் பொருத்தும் வேலையில் நின்றவர்களில் ஒருவர் ராமேஸ்வரத்துத் தோணிக்காரரின் மகன் அப்துல் கலாம். கலாமை ஏவுகணை மனிதர் என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவருடைய முதல் ரொக்கெட் வேலை அயன்மண்டலத்தை அறிவதற்கானது என்பதையும் சேர்த்துச் சொன்னால் என்ன?

தும்பாவில் ரொக்கெட்டோடு நிற்கவில்லை. 54.95 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் ராடாரொன்றை வைத்து மின்னாற்றின் கொந்தளிப்பைப் பார்த்தார்கள். பிற்காலத்தில் விண்வெளி பௌதிக ஆய்வுகூடத்தார் 18 மெகாஹேர்ட்ஸில் ஒரு ராடாரை ஓட்டினார்கள். அது சிற்றலை வீச்சுக்குள் வருவது. ராடார் தன் அலைநீளத்தில் பாதி அளவுள்ள நெளிவுகளைத்தான் பிடிக்கும். 54.95இல் அது இரண்டே முக்கால் மீற்றர். 18இல் எட்டு மீற்றருக்கு மேல். வலைக்கண்ணின் அளவை மாற்றினால் வேறு மீன் அகப்படுவது போல, மீடிறனை மாற்றினால் வானத்தின் வேறு நெளிவு அகப்படுகிறது.

ஆகக் கூடிய கொந்தளிப்பு பொழுதுபட்ட பிறகுதான். மக்ரிப் நேரத்தில் எஃப் படை விறுவிறென்று மேலே எழும்பும். அதன் அடிப்பக்கம் வேகமாகக் கரையும். பாரமான திரவம் மேலேயும் இலேசானது கீழேயும் இருந்தால் என்ன நடக்கும்? கீழேயுள்ளது குமிழ் குமிழாக மேலே பீறிடும். அதுபோல இலத்திரன் குறைந்த குமிழ்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் மேலே ஏறுகின்றன. 1938இல் புக்கரும் வெல்சும் ஹுவான்காயோவில் இதன் சுவடைக் கண்டார்கள். பெருவின் ஹிக்காமார்க்கா ராடாரில் வுட்மனும் லா ஹோசும் 1976இல் குமிழ்களின் படத்தையே எடுத்துக் காட்டினார்கள். இஷாவுக்குப் பிறகு சிற்றலையில் குரல் நடுங்கிக் கேட்பதற்கும், செய்மதிச் சமிக்ஞை மினுங்குவதற்கும், ஜி.பி.எஸ். இடையிடையே தடுமாறுவதற்கும் இந்தக் குமிழ்கள் காரணமாகின்றன.

சரி, கண்ணாடியை வைத்து ராடார் பார்ப்பதற்கு வருவோம். சிற்றலைத் துடிப்பை மேலே அனுப்பினால் அது வளைந்து 1,000 முதல் 3,000 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் விழும். விழுந்த இடத்தில் கப்பலோ விமானமோ இருந்தால் ஒரு துளி அலை வந்த வழியே திரும்பிவரும். கடல் அலையிலிருந்தும் தரையிலிருந்தும் வரும் எதிரொலியோ கோடி மடங்கு பெரியது. அதற்குள்ளிருந்து நகரும் பொருளின் துளியை டொப்ளர் மாற்றத்தால் பிரிக்கவேண்டும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடம் 1960களின் தொடக்கத்தில் இதைச் செய்துகாட்டியது. பிரித்தானியாவின் ஓர்போர்ட் நெஸ்ஸில் அமெரிக்கர் பெருஞ்செலவில் கட்டிய கோப்ரா மிஸ்ட், காரணம் தெரியாத இரைச்சலால் 1973இல் கைவிடப்பட்டது. அந்த இரைச்சலைப் பற்றி இன்றுவரை கதை கட்டுகிறார்கள். அவுஸ்திரேலியர் மட்டும் இதை விடாப்பிடியாகத் தொடர்ந்து, அலிஸ் ஸ்பிரிங்ஸ், லோங்ரீச், லாவெர்ட்டன் ஆகிய மூன்று இடங்களிலிருந்து தங்கள் வடக்குக் கடலை இன்றுவரை பார்க்கிறார்கள். ஜிண்டலி என்பது அதன் பெயர்.

இவற்றில் ஒன்றை நம்மூரில் வயதுபோனவர்கள் காதால் கேட்டிருக்கக்கூடும். 1976 ஜூலை தொடக்கம் உலகமெங்கும் சிற்றலையில் ஒரு புதுச் சத்தம் வந்தது. செக்கனுக்கு பத்துத் தரம், டக் டக் டக் என்று. மரங்கொத்தி மாதிரி இருந்ததால் ரஷ்ய மரங்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். அது சோவியத்தின் டூகா ராடார். பெறும் கோபுரவரிசை செர்னோபிலுக்குப் பக்கத்துக் காட்டில், 150 மீற்றரளவு உயரத்தில் நின்றது. அமெரிக்காவிலிருந்து ஏவுகணை கிளம்புகிறதா என்று வடதுருவத்துக்கு மேலால் எட்டிப் பார்ப்பதற்காகக் கட்டியது. அதனிடையே ஏழை நாட்டு மக்கள் செய்தி கேட்கும் அலைவரிசைகளையும் கப்பல்கள் பேசும் அலைவரிசைகளையும் கொத்திக் கிழித்தது. 1989அளவில் சத்தம் நின்றது. கோபுரம் துருப்பிடித்து இன்னும் நிற்கிறது.

அயன்மண்டலம் பற்றிய அறிவில் பெரும்பகுதி இப்படிப் பெரிய நாடுகள் ஒன்றையொன்று ஒளிந்து பார்ப்பதற்காகச் செலவழித்த காசில் வந்தது. அது கசப்பான உண்மை, ஆனால் அறிவு அறிவுதான். அதே ராடார் வேறொன்றையும் காணும் என்று பிறகு தெரியவந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்றைய நமது நேரப்படி காலை 6.58க்கு சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி வெடித்தது. கல்முனைக்கும் அந்த இடத்துக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர். அலை இங்கே வரச் சென்ற நேரம் ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். அதைப் பற்றி நமது ஆட்களுக்கு நாம் எழுதிக் காட்டத் தேவையில்லை.

ஆழ்கடலில் அந்த அலை வெறும் அரை மீற்றரளவுதான். தற்செயலாக மேலால் போன ஜேசன்-1 செய்மதி அதை ஏறக்குறைய 60 சென்றிமீற்றர் என்று அளந்தது. அப்படியொரு சின்ன ஏற்றத்தைக் கப்பலில் நிற்பவரும் உணரமாட்டார். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குக் கடல் ஒன்றாக எழும்பினால் அதற்கு மேலிருக்கும் வளியும் ஒன்றாக எழும்பும். அந்த அசைவு மேலே ஏறும். உயரம் கூடக் கூட வளி ஐதாகிறது, அதே சக்தி குறைந்த வளியில் போவதால் அசைவு பெரிதாகிக்கொண்டே போகும். கடலில் அரை மீற்றராக இருந்தது அயன்மண்டலத்தில் ஆயிரக்கணக்கான மடங்காகி இலத்திரன்களை அலைக்கழிக்கும். அன்றைக்கு இந்து சமுத்திரத்துக்கு மேலே அது நடந்தது. அந்தச் செய்மதிகளின் பதிவிலேயே இலத்திரன்களின் ஆட்டமும் இருந்ததென்று ஒக்கிப்பின்ட்டியும் கூட்டாளிகளும் 2006இல் எழுதிக் காட்டினார்கள். கடலில் வந்த அலைக்கு வானத்தில் நிழலிருந்தது என்று சொல்லலாம்.

மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28. இரவு பத்து மணி கடந்து சுமாத்திராப் பக்கம் மறுபடியும் பெரிய நடுக்கம். அந்த இரவு நமக்கு மறக்காது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வயதானவர்களைத் துவிச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு, கூடாரங்களை விட்டு சம்மாந்துறைப் பக்கம் சனம் ஓடிய இரவு. அல்லாஹ்வின் காவல், அலை நமது கரைக்கு வரவில்லை. நாம் இருட்டில் நடந்துகொண்டிருந்த நேரமளவில், நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலை பூமியைச் சுற்றிப்போய் ஐரோப்பாவைத் தொட்டது. அங்கே தரை அசைந்தது யாருக்கும் தெரிந்திராது. ஆனால் பரிசுக்கு மேற்கே நட்சத்திர வடிவில் அன்டெனாக்களை வைத்திருந்த நொஸ்ட்ரடாமஸ் என்ற பிரெஞ்சு ராடார், மேலே அயன்மண்டலம் ஆடியதைப் பதிந்திருக்கிறது. அதைப் பகுத்த ஆய்வு 2010இல் வந்தது. அடுத்த வருடம், சுனாமியின் நிழலை இதே வகை ராடார் பிடிக்குமா என்று கணினியில் செய்துபார்த்து, பிடிக்கும் என்றும் எழுதினார்கள்.

ஆகவே பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் 'ஓம்' என்று சொல்லலாமா? அவசரப்படவேண்டாம். சுனாமியின் அசைவு அயன்மண்டலத்துக்கு ஏறவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நமக்கிருந்தது மொத்தமே இரண்டு மணித்தியாலத்துக்குள். நிலநடுக்கத்தின் ஒலியலை பத்து நிமிடத்தில் மேலே போய்விடும்தான், ஆனால் நிலநடுக்கம் நடந்தது என்பதை நிலநடுக்கமானிகளே அதற்கு முன் சொல்லிவிடும். போதாததற்கு, மக்ரிபுக்குப் பிறகு குமிழ் கிளம்பும் நமது வானத்தில் கண்ணாடியே கலங்கிப்போகும், எது சுனாமி எது வழமையான கொந்தளிப்பு என்று பிரிப்பது இலேசல்ல. தூரத்து நாடுகளுக்கு உதவக்கூடும். சுமாத்திராவுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் நமக்கு அது முதலாவது காவல்காரன் அல்ல.

இன்னொரு உண்மையும் இருக்கிறது, அதை எழுதக் கை கூசுகிறது. ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்துக்கு அன்றைக்கு நடுக்கம் தெரிந்திருந்தது. 15 நிமிடத்தில் முதலாவது அறிவித்தலும் போனது. பசுபிக் நாடுகளுக்குப் போனது. இந்து சமுத்திரத்தில் அதை வாங்கிச் சொல்ல ஒரு ஏற்பாடு அன்று இருக்கவில்லை. 1942இல் கெட்டலீனாவின் செய்தி பாதியிலேயே அறுந்தும் வந்து சேர்ந்தது. 2004இல் செய்தி முழுதாக இருந்தும் வரவில்லை.

அலை போன பிறகு தொலைபேசிகள் செத்துக்கிடந்தபோது வேலை செய்தது பழைய சிற்றலைதான். இலங்கை ரேடியோ சொசைட்டியின் விக்டர் குணதிலக்கவும் கூட்டாளிகளும் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அந்தமானில் அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேயரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் செய்தியைத் தாங்கியது இந்த அயன்மண்டலம்.

இதே நாட்டில் 1956 தொடக்கம் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், சிற்றலை அயன்மண்டலத்தின் மனநிலையை நம்பியிருக்கிறது, அதற்குப் பதிலாக வானத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தலாம் என்று 1945இலேயே எழுதியவர். அவர் சொன்னபடியே உலகம் மாறிவிட்டது. ஆனாலும் நமது ஆழ்கடல் படகுகளில் இன்னும் சிற்றலை செட் இருக்கிறது. பல நாள் கடலில் கிடக்கும் படகிலிருந்து, கரையில் செட் வைத்திருக்கும் வீட்டுக்குப் பேசுகிறார்கள். எந்த நேரத்தில் எந்த அலைவரிசை திறக்கும், எப்போது குரல் நடுங்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். நாம் கரும்பலகையில் எழுதும் டி படையும் எஃப் படையும் அவர்களுடைய காதில் இருக்கிறது. அடுத்த தவணையில் அப்படி ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து பேசவைக்க எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். 1976க்கும் 1989க்கும் இடையில் சிற்றலையில் அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டவர்கள் நமது ஊர்களில் இருந்தால், வாப்பாமாரிடமும் மூத்தாப்பாமாரிடமும் கேட்டுக் கீழே எழுதுங்கள். எந்த ஊர், என்ன பெட்டி, இரவா பகலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டவேண்டும்.